பாறையின் வயதும் முதல் விலங்கும்: ஒரு தேடலின் 160 ஆண்டுகள்

1998 அக்டோபரில், மத்திய இந்தியாவின் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள விந்தியப் பாறைகளைப் பற்றி ஒன்றையொன்று அடியோடு மறுக்கும் இரண்டு ஆய்வுகள் புவியியலாளர்கள் கையில் இருந்தன. ஜெர்மன் தொல்லுயிரியலாளர் அடால்ஃப் சைலாக்கரும், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பி. கே. போஸும், ஃப்ளூகரும் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை ஒன்று. மத்தியப் பிரதேசத்துச் சோர்ஹட் மணற்கல்லில் புழு போன்ற விலங்குகள் துளைத்துச் சென்ற தடங்கள் இருக்கின்றன, அவற்றின் வயது 110 கோடி ஆண்டு என்று அது சொன்னது. மற்றொன்று டேராடூனிலுள்ள வாடியா இமாலயப் புவியியல் நிறுவனத்தின் ரஃபத் ஜமால் ஆஸ்மி இந்தியப் புவியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டது. அதே கீழ் விந்தியத் தொகுதியின் சுண்ணாம்புக்கல்லில் கேம்பிரியன் காலத் தொடக்கத்துச் சிறு ஓட்டுயிரிகளைக் கண்டதாக அவர் எழுதினார். அப்படியானால் அந்தப் பாறைகளுக்கு வயது சுமார் 54 கோடி ஆண்டுதான்.

முதல் கட்டுரை சரியென்றால் விலங்குகளின் வரலாறு இரு மடங்கு பின்னுக்குப் போகும். இரண்டாவது சரியென்றால் விந்தியப் பாறைகளின் வயது பாதியாகிவிடும். இரண்டும் ஒருசேர உண்மையாக வழியே இல்லை. இரண்டுமே தவறு என்பது தெரிய 4 ஆண்டுகள் பிடித்தன. ஆஸ்மி கண்டது உண்மையில் என்ன என்பது தெரிய இன்னும் 15 ஆண்டுகள் ஆயின.

இந்தச் சிக்கல் விந்தியத்துக்கு மட்டும் உரியதல்ல. விலங்குகளின் தோற்றத்தைத் தேடிய புதைபடிவ ஆய்வின் வரலாறு நெடுகிலும், ஒரு பாறைக்கு எவ்வளவு வயது என்ற நம்பிக்கைதான் அதில் என்ன தெரியலாம், என்ன தெரியக்கூடாது என்பதைத் தீர்மானித்து வந்திருக்கிறது. படிவத்தை வைத்துப் பாறைக்கு வயது சொல்வார்கள்; அந்த வயதை வைத்தே படிவம் இன்னது என்றும் சொல்வார்கள். இந்தச் சுழலிலிருந்து ஆய்வு எப்படி வெளியே வந்தது என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

டார்வினின் சங்கடம்

1859-இல் 'உயிரினங்களின் தோற்றம்' நூலை வெளியிட்ட டார்வினுக்கு ஒரு சங்கடம் இருந்தது. கேம்பிரியன் என்று இன்று நாம் சொல்லும் காலத்துப் பாறைகளில் டிரைலோபைட் போன்ற சிக்கலான விலங்குகள் திடுதிப்பென்று தென்படுகின்றன. அதற்குக் கீழே உள்ள பாறைகள் வெறுமையாக இருந்தன. படிப்படியான பரிணாமம் என்றால் அந்த விலங்குகளின் முன்னோர் எங்கே? திருப்தியான பதில் தம்மிடம் இல்லை என்று அவர் ஒளிக்காமல் எழுதினார்.

பதிலைத் தந்துவிடலாம் என்ற அவசரம் கனடாவில் தெரிந்தது. மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த வில்லியம் டாசன், மிகப் பழைய உருமாறிய பாறைகளில் அடுக்கடுக்காய்த் தெரிந்த ஒரு வடிவத்துக்கு 1864-65-இல் 'ஈயோசூன் கனடென்சே' என்று பெயரிட்டார். அது ஒற்றைச் செல் கடலுயிரி ஒன்றின் பிரம்மாண்டமான கூடு என்பது அவர் வாதம். டார்வினே தம் நூலின் 1866-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொண்டார். அதே ஆண்டு அயர்லாந்தின் கிங், ரோனி இருவரும் அது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவான கனிம அடுக்கு மட்டுமே என்று மறுத்தார்கள். 1894-இல் வெசுவியஸ் எரிமலை உமிழ்ந்த சுண்ணாம்புக் கற்களிலேயே அதே போன்ற அடுக்குகள் காட்டப்பட்டபோது வழக்கு முடிந்தது. டாசன் மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

ஈயோசூன் ஏற்படுத்திய காயம் பெரிது. கேம்பிரியனுக்கு முந்தைய பாறையில் எவராவது வடிவம் ஒன்றைக் கண்டால், அது உயிரற்றதாகத்தான் இருக்கும் என்று முதலிலேயே தள்ளிவிடும் வழக்கம் வந்தது. அதற்கு முதலில் பலியானது உண்மையான படிவமொன்று. நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் அலெக்சாண்டர் மரே கண்டெடுத்த வட்டு வடிவங்களை 1872-இல் எல்கானா பில்லிங்ஸ் 'அஸ்பிடெல்லா டெர்ரனோவிக்கா' என்று பெயரிட்டு விவரித்தார். அவை வாயுக் குமிழிகளின் தடம், கனிமத் திரட்டு என்றெல்லாம் சொல்லி ஒதுக்கினார்கள். மென்னுடல் உயிரி ஒன்று கடற்தரையைப் பற்றிக்கொண்டிருந்த அடிப்பகுதியே அந்த வட்டு என்ற விளக்கம் நிலைபெற 2000-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

கேள்விக்குறியோடு ஒரு தலைப்பு

நமீபியாவில் 1908-இல் பால் ரேஞ்சேயும் ஷ்னைடர்ஹோனும் இலை போன்ற படிவங்களைக் கண்டார்கள். ஜெர்மனியின் கியூரிச் பின்னர் அவற்றை விவரித்தார். உலகம் அதிகம் கண்டுகொள்ளவில்லை.

1946-இல் தென் ஆஸ்திரேலியாவின் எடியாகரா குன்றுகளுக்குப் பழைய சுரங்கங்களைப் பார்வையிடச் சென்றவர் ரெக் ஸ்பிரிக் என்ற இளம் அரசுப் புவியியலாளர். அங்குள்ள மணற்கல் பலகைகளில் இருந்த தடங்கள் உச்சிவெயிலில் கண்ணுக்கே தட்டுப்படாத அளவு மேலோட்டமானவை. வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும்போதுதான் அவற்றின் வரம்புகளும் மடிப்புகளும் நிழல் கட்டி எழுந்து வரும். படிவங்கள் பெரும்பாலும் பலகையின் அடிப்பக்கத்தில் இருப்பதால் அதைப் புரட்டிப் பார்க்கவும் வேண்டும். எலும்போ ஓடோ இல்லாத உடல் கரடுமுரடான மணலில் எப்படிப் பதிந்தது என்பது நெடுநாள் புதிராயிருந்தது. கடற்தரை முழுவதும் நுண்ணுயிர்கள் ஒரு பாய்போல் படர்ந்திருந்தன, புயல் வாரிக்கொட்டிய மணலின் அடிப்பரப்பை இரும்புக் கனிமம் சீக்கிரமே இறுக்கிவிட்டது, உள்ளே உடல் அழுகிப் போனாலும் அச்சு கலையவில்லை என்று 1999-இல் ஜேம்ஸ் கெலிங் விளக்கினார்.

ஸ்பிரிக் 1947-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு, இந்தப் படிவங்களைத் 'தொடக்கக் கேம்பிரியன் (?)' காலத்து ஜெல்லி மீன்கள் என்றது. அந்தக் கேள்விக்குறியில் அந்தக் காலத்துப் புவியியலின் மனநிலை முழுவதும் அடங்கியிருக்கிறது. விலங்கு இருக்கிறது, ஆகவே பாறை கேம்பிரியனாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் பாறை அடுக்கின் வரிசையோ வேறு சொல்கிறது. 1948-இல் லண்டனில் நடந்த பன்னாட்டுப் புவியியல் மாநாட்டிலும் ஸ்பிரிக்கின் கண்டுபிடிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம் துறைத் தலைவர் பென் டிக்கின்சனின் பெயரால் அவர் அழைத்த 'டிக்கின்சோனியா', முட்டை வடிவத்தில் விலா விலாவாக இருக்கும் அந்தத் தட்டையான உயிரி, அடுத்த எழுபது ஆண்டுகளுக்கு இந்தத் துறையின் பெரிய சச்சரவாக ஆனது.

சுழலை முதலில் உடைத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். இங்கிலாந்தின் லெஸ்டர் அருகே சார்ன்வுட் காட்டுப் பாறைகள் கேம்பிரியனுக்கு முந்தியவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. 1956-இல் டினா நீகஸ் என்ற 15 வயது மாணவி அங்கே பெரணி இலை போன்ற ஒரு தடத்தைப் பார்த்துத் தன் ஆசிரியையிடம் சொன்னாள். அந்தப் பாறைகளில் படிவம் இருக்க முடியாது என்பதே கிடைத்த பதில். மறு ஆண்டு அங்கே பாறையேறச் சென்ற ரோஜர் மேசன் என்ற மாணவனும் அதே தடத்தைக் கண்டான். அவன் தந்தை மூலமாகச் செய்தி லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டிரெவர் ஃபோர்டை எட்டியது. முதலில் நம்பாத ஃபோர்டு, நேரில் பார்த்துவிட்டு 1958-இல் 'சார்னியா மேசனி' என்று பெயரிட்டு வெளியிட்டார். ஆஸ்திரேலியாவில் இருந்த மார்ட்டின் கிளேஸ்னர் அதை எடியாகரா படிவங்களோடு ஒப்பிட்டார். ஐயத்துக்கு இடமில்லாத ஒரு பாறையில் அதே வகை உயிரி கிடைத்துவிட்டதால், எடியாகராவும் கேம்பிரியனுக்கு முந்தியது என்று சொல்ல இப்போது பிடிமானம் கிடைத்தது. அதே லெஸ்டரில் வளர்ந்து, சிறுவயதில் படிவம் தேடி அலைந்த டேவிட் அட்டன்பரோ, சார்ன்வுட் பாறைகள் மிகப் பழையவை என்பதால் அங்கே தேடவே இல்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2022-இல் சார்ன்வுட்டிலிருந்து விவரிக்கப்பட்ட, பவளங்களின் உறவுக்காரியான ஒரு படிவத்துக்கு 'ஆரோராலுமினா அட்டன்பரோயி' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

சாம்பல் செய்த இரட்டை வேலை

இவ்வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்கும் நடு இடம் உண்டு. பாடநூல்களில் அவர் பெயர் ஏனோ வருவதில்லை. உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் பிறந்து, நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த சிவ பாலக் மிஸ்ரா, 1967-இல் அவலான் தீபகற்பத்தின் தென்கிழக்குக் கரையில், மிஸ்டேக்கன் பாயிண்ட் என்ற முனையில் நிலவரைபடப் பணி செய்தார். அலை அறையும் பாறைத் தளங்களில் இலை வடிவிலும் கதிர் வடிவிலும் படிவங்கள் நெருக்கமாகக் கிடந்தன. 1968-இல் ஆண்டர்சனோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் அதை அறிவித்தார். பின்னர் ஊர் திரும்பி, லக்னோ அருகே கிராமப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். 2007-இல் அங்குள்ள படிவமொன்றுக்கு 'ஃபிராக்டோஃபுசஸ் மிஸ்ராய்' என்று பெயர் சூட்டப்பட்டது. 2016-இல் மிஸ்டேக்கன் பாயிண்ட் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

மிஸ்ரா கண்ட இடத்தின் சிறப்பு படிவங்களின் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. ஆழ்கடலில் வாழ்ந்த அந்த உயிர்களை அவை நின்ற இடத்திலேயே மூடியது எரிமலைச் சாம்பல். சாம்பலில் சிர்கான் என்ற நுண்ணிய படிகங்கள் இருக்கும். அவை உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை உள்ளே விடாது. ஆகவே இன்று அதனுள் காணப்படும் ஈயம் கிட்டத்தட்ட முழுவதும் யுரேனியம் சிதைந்து வந்ததே. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு ஆகும் என்பது தெரிந்திருப்பதால், இரண்டின் விகிதத்தைக் கொண்டு வயதைக் கணக்கிடலாம். மிஸ்டேக்கன் பாயிண்டின் புகழ்பெற்ற தளத்துக்குச் சுமார் 56.5 கோடி ஆண்டு என்று விடை வந்தது. உயிரைப் புதைத்த பொருளே அதன் நாளையும் குறித்து வைத்திருந்தது. படிவத்தின் முகத்தைப் பார்த்து வயது சொல்லும் தேவை இங்கே முற்றாக நீங்கியது. 2004-இல் புவியியலாளர்கள் சுமார் 63.5 கோடி முதல் 53.9 கோடி ஆண்டு வரையான காலத்துக்கு எடியாகரன் என்றே அதிகாரபூர்வமாகப் பெயரிட்டார்கள்.

வயது தீர்ந்தது, உடல் யாருடையது என்பது தீரவில்லை. கிளேஸ்னர் இவற்றை இன்றைய ஜெல்லி மீன், கடற்பேனா, புழு ஆகியவற்றின் மூதாதையராகப் பார்த்தார். 1980-களில் சைலாக்கர் அதைத் தலைகீழாக்கினார். காற்று மெத்தைபோல் அறை அறையாகத் தைத்த உடலைக் கொண்ட இவை விலங்குகளே அல்ல, சுவடின்றி அழிந்துபோன தனியொரு உயிர்க்குலம் என்றார். ஒரிகன் பல்கலைக்கழகத்தின் கிரிகரி ரிட்டாலாக் 1994-இல் இவை பாறைப்பாசிகள் (லைக்கன்கள்) என்றார். இந்த வாதங்களைக் கேலி செய்வது இன்று எளிது. ஆனால் கிளேஸ்னரின் வசதியான வகைப்பாட்டை உலுக்கியது சைலாக்கரின் முரட்டுத்தனம்தான் என்பது என் கணிப்பு. வடிவ ஒற்றுமை மட்டும் போதாது என்று அதன் பிறகே மற்றவர்கள் வேறு சான்று தேடினார்கள். 1997-இல் ஃபெடோன்கினும் வாகனரும், ஜெல்லி மீன் என்று முன்பு எழுதப்பட்ட 'கிம்பெரெல்லா'வை ரஷ்யாவின் வெண்கடல் கரையில் கிடைத்த புதிய படிவங்களைக் கொண்டு நத்தை இனத்துக்கு நெருங்கிய உயிரி என்று காட்டினார்கள். அது பாயைச் சுரண்டித் தின்ற கீறல்களும் அதே பாறைகளில் இருந்தன.

டிக்கின்சோனியாவின் வழக்கைத் தீர்த்தது வேதியியல். ரஷ்யாவின் வெண்கடல் கரையில் செங்குத்தான பாறை முகத்தில் கயிற்றில் தொங்கியபடி, ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் இலியா பொப்ரோவ்ஸ்கி மணற்கல் பாளங்களைப் பெயர்த்தார். சில படிவங்களின் மேல் மிக மெல்லிய கரிமப் படலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து ஆராய்ந்ததில், படிவத்தின் மேல் கொலஸ்டிராலிலிருந்து வரும் மூலக்கூறுகள் 93 விழுக்காடு வரை இருந்தன. சுற்றியிருந்த பாறையிலோ பச்சைப் பாசிகளுக்கே உரிய மூலக்கூறுகள் மேலோங்கியிருந்தன. கொலஸ்டிரால் மிகுந்திருப்பது விலங்கின் அடையாளம். பாறைப்பாசியின் கொழுப்பு வேறு. 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த இந்த முடிவுக்குப் பின், சுமார் 55.8 கோடி ஆண்டுக்கு முந்தைய டிக்கின்சோனியா விலங்கு என்பதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள்.

விந்தியத்தின் விடை

1998-இன் இரட்டைச் செய்தியில் ஆஸ்மி பட்ட பாடு அதிகம். படிவங்கள் உண்மைதானா, அந்தப் பாறையிலிருந்துதான் வந்தனவா என்றே கேட்டார்கள். விடை, மீண்டும், சாம்பலில் இருந்தது. 2002-இல் 'ஜியாலஜி' இதழில் இரு தனித்தனிக் குழுக்கள் கீழ் விந்தியத்தின் எரிமலைச் சாம்பல் அடுக்குகளிலிருந்து சிர்கான்களை எடுத்து வயதைக் கணக்கிட்டன. ஒரு குழுவில் சோர்ஹட் தடங்களை வெளியிட்ட அதே போஸும் இருந்தார். இரண்டுக்கும் கிடைத்த வயது சுமார் 160 கோடி ஆண்டு.

சைலாக்கர் குழு சொன்ன 110 கோடியையே உலகம் நம்பத் தயங்கியது. 160 கோடி ஆண்டுக்கு முன் புழுக்கள் என்றால், மரபணு மாற்றங்களை வைத்துக் காலம் கணிக்கும் மூலக்கூறுக் கடிகாரம் எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் இடம் தராது. நுண்ணுயிர்ப் பாய் மூடிய மணல் சுருங்கும்போது ஏற்படும் வெடிப்புகளும் இப்படித் தோன்றும் என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். ஆஸ்மியின் கேம்பிரியன் வயதும் அத்தோடு விழுந்தது. ஆனால் அவருடைய படிவங்கள்?

ஸ்வீடன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸ்டெஃபான் பெங்ட்சன் குழு கீழ் விந்தியப் பாறைகள் உள்ள சித்திரகூடத்துக்கு வந்து, ஆஸ்மி சொன்ன பாறைகளிலிருந்து புதிதாக மாதிரிகள் எடுத்தது. படிவங்கள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்திருந்த பாஸ்பேட்டுக்கே ஈயத்தை வைத்து வயது பார்த்தார்கள்; அதுவும் 160 கோடியை ஒட்டியே வந்தது. 2009-இல் அவர்கள் அறிவித்தது இதுதான்: ஆஸ்மியின் படிவங்கள் உண்மையானவை, கேம்பிரியனைவிட நூறு கோடி ஆண்டு மூத்தவை, விலங்குகள் அல்ல. கருமுட்டை போலத் தெரிந்த உருண்டைகள் நுண்ணுயிர்ப் பாயில் சிக்கிய வாயுக் குமிழிகள்.

குழாய் வடிவங்கள் மிஞ்சின. கல்லை உடைக்காமல் உள்ளே பார்க்கச் சிங்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர்களைப் பயன்படுத்தியபோது, வரிசையாய் அடுக்கிய செல்கள் தெரிந்தன. ஒவ்வொரு செல்லின் நடுவிலும் சாய்சதுர வடிவில் ஒரு வட்டு தொங்கியது. இது சிவப்புப் பாசியை ஒத்தது என்று 2017-இல் முடிவுக்கு வந்து, 'ரஃபதாஸ்மியா சித்திரகூடென்சிஸ்' என்று பெயரிட்டார்கள். படிவம் போலியோ என்ற ஐயத்தைச் சுமந்தவரின் பெயர் அந்தப் பேரினப் பெயருக்குள் இருக்கிறது. அந்த அடையாளம் நிலைத்தால் இவை உலகின் மிகப் பழைய பாசிப் படிவங்களுள் அடங்கும். விலங்கைத் தேடிப் போனவருக்குக் கிடைத்த இந்தப் பாசி, என் மதிப்பீட்டில், அவர் தேடியதைவிடப் பெரியது.

பழைய சுழல் அத்தோடு ஒழிந்துவிடவில்லை. 2021-இல் ரிட்டாலாக்கும் உடன் ஆய்வாளர்களும், போபால் அருகே பீம்பேட்கா குகையின் கூரையில் ஒரு டிக்கின்சோனியாவைக் கண்டதாக 'கோண்ட்வானா ரிசர்ச்' இதழில் எழுதினார்கள். அது உண்மையானால் மேல் விந்தியப் பாறைகளுக்குச் சுமார் 55 கோடி வயதுதான் என்றாகும். படிவத்தின் முகத்தைப் பார்த்துப் பாறைக்கு வயது சொல்லும் அதே பழைய பாதை. மேல் விந்தியம் நூறு கோடி ஆண்டு அளவில் பழையது என்று சிர்கானையும் பாறைக் காந்தத்தையும் கொண்டு முன்பே வாதிட்டிருந்த ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜோசப் மீர்ட், சகாக்களோடு நேரில் போய்ப் பார்த்தார். இடைப்பட்ட காலத்தில் அந்த 'டிக்கின்சோனியா' உரிந்து விழத் தொடங்கியிருந்தது. பாறையில் பதிந்த அச்சு இரண்டு ஆண்டில் உரியாது. நெருங்கிப் பார்த்தபோது அறுகோண அறைகள் தெரிந்தன. மலைத்தேனீக்கள் விட்டுப்போன பழைய தேனடை! மீர்ட் குழு அதை 2023-இல் அதே இதழில் வெளியிட்டது. ரிட்டாலாக் மறுப்பு எழுதாமல் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். இந்தத் துறையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

வயதில் ஐயமில்லாத ஒரு சிக்கல்

இப்போது நடக்கும் விவாதத்தில் வயது சிக்கலே இல்லை. 2021-இல் கனடாவின் எலிசபெத் டர்னர், வடமேற்குப் பிராந்தியங்களின் லிட்டில் டால் சுண்ணாம்புக்கல்லில் கண்ட நுண்ணிய வலைப்பின்னலைக் கடற்பஞ்சின் உடற்கூடு என்று 'நேச்சர்' இதழில் எழுதினார். பாறையின் வயது 89 கோடி ஆண்டு. சரியென்றால் மிகப் பழைய விலங்கு அது. எடியாகரனுக்கும், உலகம் பனியால் மூடுண்ட காலத்துக்கும் முன்பே கடற்பஞ்சு இருந்தது என்றாகும். முன்பெல்லாம் இத்தகைய படிவத்தைத் தள்ள, அதில் கடற்பஞ்சின் சிலிக்கா முட்கள் இல்லையே என்று கேட்பார்கள். 2024-இல் அந்தக் கேள்வியின் வலுவும் குறைந்தது. சீனாவின் எடியாகரன் பாறைகளிலிருந்து சுமார் 55 கோடி ஆண்டுக்கு முந்தைய 'ஹெலிகோலோசெல்லஸ்' என்ற முள்ளில்லாக் கடற்பஞ்சை ஷுஹாய் ஷியாவ் உள்ளிட்ட குழு விவரித்தது. தொடக்கக் காலக் கடற்பஞ்சுகளுக்குக் கனிம முட்கள் இருந்திருக்காது என்பது அவர்கள் கருத்து.

அதனால் டர்னரின் வலைப்பின்னல் கடற்பஞ்சு ஆகிவிடாது. நுண்ணுயிர்களும் அத்தகைய வலைகளைப் பின்னும் என்ற எதிர்வாதம் நிற்கிறது. சீனப் படிவத்தில் முழு உடலின் வெளிவடிவமும், பரப்பில் ஒழுங்காக அமைந்த பெட்டி பெட்டியான கோலமும் உண்டு. லிட்டில் டாலில் கிடைத்தது பாறையை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்த வலை மட்டுமே. அப்படியொரு முழு உடல் அங்கே கிடைக்கும்வரை, 89 கோடி என்ற எண்ணை விலங்குகளின் கணக்கில் நான் சேர்க்கமாட்டேன்.